ஆரத்தி கேட்ட வண்டி

கரையான்சாவடி,
வைகாசி, 1971

பட்டாளத்தில் லாரி பழுது பார்க்கும் என் தாய்மாமன் கோவிந்தராஜ் அவர்களுக்கு, தாட்சாயிணி வணங்கி எழுதிக்கொள்வது. இங்கு வண்டியைத் தவிர எல்லோரும் சுகம். உங்கள் சுகத்துக்கு எழுதவும்.

பொன்னம்மாள் அக்கா கல்யாணம் முடிந்தது. லீவு கிடைக்காத உங்களுக்கு மாப்பிள்ளை அழைப்பில் நடந்ததை நானே எழுதுகிறேன். மற்றவர்கள் எழுதினால் எல்லாம் அம்மன் செயல் என்று முடித்துவிடுவார்கள்.

அப்பாவின் பழைய காரைத்தான் உங்களுக்குத் தெரியுமே. குளிர்ந்திருந்தால் தொட்டதும் கிளம்பும், சூட்டோடு நிறுத்தினால் கிளம்பாது. என் பெண் கல்யாணத்துக்கு என் வண்டிதான் என்று அப்பா பூ கட்டி, மாப்பிள்ளை கங்காதரனை ஏற்றிக்கொண்டு கோயிலிலிருந்து கிளம்ப, மேளக்காரர்கள் முன்னால் நடக்க, வண்டி பின்னால் ஊர்ந்து ஊர்ந்து கொதிக்க, முச்சந்திக்கு முச்சந்தி அவர்கள் நின்று வாசிக்க, இஞ்சின் சத்தத்தில் நாயனம் கேட்கவில்லை என்று அப்பா ஒவ்வொரு தடவையும் வண்டியை அணைக்க, பந்தல் கண்ணுக்குத் தெரியும் கடைசி முச்சந்தியில் அது அடியோடு மறுத்துவிட்டது.

மாப்பிள்ளையின் அத்தை ஜெகதாம்பாள் இடுப்பில் கை வைத்தாள்.

"இன்னாய்யா, மாப்பிள்ளைய இட்டுகினு போறியா, வண்டியத் தள்ளிகினு போறியா?"

"கொஞ்சம் மூச்சு வாங்குதும்மா, அவ்ளோதான்."

"அவன் காலு பாதி வழில தரைல பட்டுச்சு, அப்டியே ஊட்டுக்குத் திரும்பிடுவோம். சொல்லிட்டேன்!"

நான் பந்தல் வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போன லீவில் நீங்கள் அப்பாவுக்குச் சொன்னீர்கள், காதில் வாங்கியது கதவுக்குப் பின்னால் நின்ற நான்தான். இஞ்சின் மூடியைத் தூக்கி மோந்து பார்க்க வேண்டும். பெட்ரோல் வாசனை இல்லையென்றால் சூட்டில் அது குழாயிலேயே ஆவியாகிவிட்டது, பம்பின்மேல் ஈரத்துணி போட வேண்டும். வாசனை தூக்கலாக இருந்தால் பெட்ரோல் உள்ளே வழிந்துவிட்டது, ஆக்சிலேட்டர் மிதியை முழுக்க அழுத்திப் பிடித்து ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

தட்டோடு போய், பூச்சரத்தை ஒதுக்கி, மூடியைத் தூக்கி மோந்தேன். மல்லிகைதான் மணத்தது. அத்தனை ஆம்பிளைகள் நடுவில் எப்படி வாய் திறப்பது? பேசாமல் அப்பா தோள்துண்டை உருவிப் பம்பின்மேல் போட்டு, ஆரத்தித் தண்ணீர் முழுவதையும் ஊற்றினேன். நல்லவேளை, சூடம் ஏற்றியிருக்கவில்லை.

"அய்யய்யோ, மாப்பிள்ளைக்கு வச்ச ஆரத்திய வண்டிக்கு எட்த்துட்டாளே!" என்று ஜெகதாம்பாள் அலறினாள்.

அப்பா கண்ணே சிமிட்டாமல், "அது எங்க ஊட்டுப் பழக்கம்மா. மொதல்ல வண்டிக்கு, அப்பால மாப்பிள்ளைக்கு" என்றார். இரண்டு பேரும் பழக்கவழக்கம் பேசி ஓய்வதற்குள் பம்பு ஆறியது. அப்பா சாவியைத் திருப்ப, கிளம்பியதே பார்க்கணும்! அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ஆகவே வண்டிக் கவலை தீர்ந்தது, நீங்கள் சிரமப்பட்டு வர வேண்டாம். எனக்குப் பார்த்திருக்கும் வரன் வீட்டுக்கு, இருக்கிற இடமே தெரியாத பெண் என்று எழுதியிருக்கிறீர்களாம். அது உண்மைதான், அப்படியே இருக்கட்டும். இப்போது அதே காரில் எல்லோரும் மறுவீடு போகிறோம், வழியில் இதைத் தபாலில் சேர்ப்பேன். உங்கள் பட்டாளத்து லாரிகளெல்லாம் தொட்டதும் கிளம்ப அம்மன் அருளட்டும்.

அன்பு மருமகள்,
தாட்சாயிணி

பின்குறிப்பு: தபால் பெட்டிக்காகக் குமணன்சாவடியில் அப்பா வண்டியை அணைத்தார். கிளம்பவில்லை. மாப்பிள்ளை இறங்கித் தள்ளிப் பார்த்துவிட்டார். அப்பா மிதித்த மிதியில் பெட்ரோல் வாசனை மூக்கைத் துளைக்கிறது. ஜெகதாம்பாள் அத்தை கடையில் தட்டு வாங்கி, இஞ்சின் மூடியைத் திறந்து வைத்து, "இரு, உங்க ஊட்டுப் பழக்கத்த நானே செய்றேன்" என்று இந்தத் தடவை சூடமும் வைத்துத் தீப்பெட்டி தேடுகிறாள். கிடைத்துவிட்டது. மாமா, நான் கத்தப் போகிறேன். வரன் வீட்டுக்கு வேறு மாதிரி எழுதிவிடுங்கள்.