போடர் அண்ணையின் பொன்னாடை

ரொறன்ரோவில் ஓர் அரசியல்வாதியின் காலை நடுங்க வைத்த ஒரே தமிழன் எங்கள் போடர் அண்ணைதான். சொந்தப் பெயர் அவருடைய மனைவிக்கே மறந்திருக்கும்.

மோர்னிங்சைட்டில் எங்கள் கட்டடத்துக்கு முன்னால் ஓடும் பெரிய வீதிதான் இரண்டு தொகுதிகளுக்கு எல்லை. அந்தப் 'போடரை'ப் பற்றியே கதைத்துக் கதைத்து அண்ணைக்கு வந்த பெயர் அது. பஸ் நிற்பது அந்தப் பக்கம். கடக்கச் சிக்னல் லைற் இல்லை. லைற் கேட்டால் இரண்டு தொகுதி உறுப்பினர்களும் எதிர்ப்பக்கத்தைக் கையால் காட்டினார்கள். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்குத் தொகுதிக் கணக்கு விளங்காது, லொறி விளங்கும். என் மனைவி வேலை முடிந்து அங்கேதான் இறங்குவாள். அவள் இந்தப் பக்கம் வந்து சேரும்வரை ஜன்னலில் நின்று நான் கும்பிடாத தெய்வமில்லை.

எல்லையிலேயே கூட்டம் வைப்பதென்று அண்ணை முடிவெடுத்தார். எங்கள் பக்கத்து உறுப்பினரை அழைக்கப் போனோம். செயலாளர் ஒரு தமிழ்ப் பெட்டை.

"சேர் சரியான பிஸி, அங்கிள்."

"பொன்னாடை இருக்கு, பிள்ளை. படம் எடுக்கவும் ஆள் இருக்கு."

"அப்ப கட்டாயம் வருவார்."

வந்தார், 'வணக்கம்' என்ற ஒற்றைச் சொல்லைப் பாடமாக்கிக்கொண்டு. இறங்கிப் பார்த்தால் மைக், கதிரை, சனம் எல்லாம் வீதிக்கு அந்தப் பக்கம்.

"ஐயோ அண்ணை, மாறி வைச்சிட்டியள்!" என்று பதறினேன்.

"பொத்திக்கொண்டு நில்லடா."

பெட்டை ஓடி வந்தாள். "அங்கிள், எப்பிடி அங்கால போறது எண்டு சேர் கேக்கிறார்."

"நாங்களும் அதைத்தானே பிள்ளை கேக்கிறம்!"

உறுப்பினர் ஒரு காலை வீதியில் வைத்தார். லொறி ஒன்று உறுமியது, காலை எடுத்தார். மற்றக் காலை வைத்தார். எதிர்ப்பக்கம் கைதட்டியது. கடைசியில், அடுத்தவர் தொகுதிக்குள் போய்ப் பேசுவது நாகரிகமில்லை என்று சொல்லி, காருக்குள் இருந்தபடியே 'வணக்கம்' சொல்லிவிட்டுப் போய்விட்டார். லைற் இன்றுவரை வரவில்லை.

மிஞ்சியது பொன்னாடை. பின்னேரம் பஸ் வரும் நேரம் அண்ணை அதை அகல விரித்துப் பிடித்தபடி வீதியில் இறங்குவார். சரிகை மினுங்க, கலியாண ஊர்வலமென்று நினைக்கிறார்களோ என்னவோ, வாகனங்கள் எல்லாம் நிற்கும்.

"பொலிஸ் பிடிக்கப் போறான் அண்ணை!"

"எந்தத் தொகுதியில வைச்சுப் பிடிக்கிறது எண்டு முடிவெடுக்கவே அவங்களுக்கு ஒரு வருசம் செல்லும், போடா."

என் மனைவி வீட்டுக்குள் வந்து சப்பாத்தைக் கழற்றிய பிறகும் நான் ஜன்னலை விட்டு அசைவதில்லை. பொன்னாடையை மடித்துக்கொண்டு அண்ணையும் இந்தப் பக்கம் வந்து சேர வேண்டுமே.