அதே ஆள், அதே இடம்

எங்கள் ஊரில் ஒரு வீடு எழும்ப ஐந்து புகைப்படங்கள் வேண்டும். செங்கல், சிமென்ட், மணல், கம்பி எல்லாம் அதற்கு அப்புறம்தான். அஸ்திவாரத்துக்கு ஒன்று, ஜன்னல் மட்டத்துக்கு ஒன்று, கூரைக்கு ஒன்று, பூச்சுக்கு ஒன்று, எல்லாம் முடிந்த பிறகு ஒன்று. ஐந்தும் கட்டட அனுமதி அலுவலகத்தின் படப்பிரிவில் தேறினால் நிறைவுச் சான்றிதழ் கிடைக்கும். சான்றிதழ் இருந்தால்தான் கரண்ட், தண்ணீர். இல்லாவிட்டால் நீங்கள் கட்டியது வீடு ஆகாது. அடுக்கி வைத்த செங்கல்தான்.

இப்படி ஒரு விதி வரக் காரணம் இல்லாமல் இல்லை. முன்பு ஒரு புத்திசாலி பக்கத்துத் தெரு வீட்டைப் படமெடுத்துக் கொடுத்துத் தன்னுடைய காலி மனைக்குச் சான்றிதழ் வாங்கிவிட்டான். காலி மனைக்குக் குழாய் வந்தது, மீட்டர் வந்தது, விளக்குகூட எரிந்தது. மூன்று வருஷம் கழித்துத்தான் நடுவில் வீடு இல்லை என்று தெரிந்தது. அன்றைக்கு அலுவலகம் கூடி உட்கார்ந்து எழுதிய விதி இது:

"முதல் நிலைப் படத்தில் காணப்படும் நபர்கள் அனைவரும், அதே இடத்தில், அதே தோற்றத்தில், ஏனைய நான்கு படங்களிலும் காணப்படுதல் வேண்டும். தவறினால் அது வேறொரு கட்டடமாகக் கருதப்படும்."

இதை நான் படித்தது இரண்டாவது படம் எடுப்பதற்கு முந்தின நாள்.

அப்போது நாங்கள் ஆறு பேர் வாடகை வீட்டில் இருந்தோம். நான், என் மனைவி, மகன், மருமகள், இரண்டு பேத்திகள். அந்த வீட்டுச் சமையலறைக்கும் ஜன்னல் உண்டு. திறந்தால் ஒரு முழத்தில் பக்கத்து வீட்டுச் சுவர். இருபத்தெட்டு வருஷம் என் மனைவி அந்தச் சுவரிலிருந்த ஈரக் கறையைப் பார்த்துக்கொண்டே சமைத்திருக்கிறாள். கறை முதலில் ஆடு மாதிரி இருந்ததாம், அப்புறம் கப்பல் மாதிரி ஆனதாம், கடைசியில் என்னை மாதிரி ஆகிவிட்டதாம். அதற்கு மேல் அவளால் பொறுக்க முடியவில்லை. மகன் மனை வாங்கியதும் அவள் கேட்டது ஒன்றே ஒன்று: தெருவைப் பார்த்து ஒரு சமையலறை ஜன்னல். வாடகை வீட்டுக்காரரும் வருஷக் கடைசிக்குள் காலி செய்துவிடுங்கள் என்று தேதி வைத்துவிட்டார். ஆகவே வருஷம் முடிவதற்குள் சான்றிதழ் வராவிட்டால் ஆறு பேரும் அடுக்கி வைத்த செங்கலுக்குள் இருட்டில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

முதல் படத்தை எடுத்தவன் நான். மனையில் பள்ளம் வெட்டியாகிவிட்டது. மகனையும் மருமகளையும் பேத்திகளையும் முன்னால் வரிசையாக நிறுத்தினேன். மகனுக்கு அப்போது தலை நிறைய முடி, நிறைவான தொப்பை. மனைவி வெயிலுக்காக முந்தானையை நெற்றி வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு ஓரமாக நின்றாள். கிளிக். படம் அருமையாக வந்திருந்தது. கழுவிப் பார்த்தால் பின்னால், பள்ளத்தின் விளிம்பில், பச்சைக் குடை பிடித்தபடி ஓர் ஆள்.

அவரை ஊரில் எல்லோருக்கும் தெரியும். பெயர்தான் யாருக்கும் தெரியாது. எங்கே மண்வெட்டிச் சத்தம் கேட்டாலும் வந்து நிற்பார். ஒரு வார்த்தை பேச மாட்டார், ஒரு கல்லை நகர்த்த மாட்டார். காலையில் வந்தால் மேஸ்திரி கை கழுவும் வரைக்கும் வேடிக்கை பார்த்துவிட்டுப் போவார். பச்சைக்குடை என்று சொல்வார்கள். அவர் நிற்காத கட்டடம் உருப்படாது என்று சொல்கிறவர்கள் கூட உண்டு. உருப்பட்ட கட்டடங்களில் அவருக்கு எந்தப் பங்கும் இல்லை என்பது வேறு விஷயம்.

விதியைப் படித்ததும் மேஸ்திரியிடம் ஓடினேன். அவர் பீடியை அணைத்துவிட்டு, முதல் படத்தையும் மனையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"அவரு நிக்கிற எடத்துலதான்யா சமையக்கட்டு முன்சுவரு வருது. சரியா அம்மா கேட்ட ஜன்னலுக்கு நேரே. சுவரு எழுப்புனா ஆளு தெரியாது. ஆளு தெரியணும்னா சுவரு எழுப்பக் கூடாது."

படப்பிரிவுக்குப் போனேன். அங்கே இருந்த அலுவலர் தங்கமான மனிதர். யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார். உயர்த்தாமலேயே ஆறு மாதம் அலையவிடுவார். நான் சொன்னதை எல்லாம் கண்ணை மூடிக் கேட்டார். அந்த ஆள் எங்களுக்கு யாருமே இல்லை, சும்மா நின்றவர் என்றேன். முதல் படத்தை மாற்றிக் கொடுக்கட்டுமா என்றேன். முதல் படத்தை மாற்றினால் அது இரண்டாவது படம் ஆகிவிடும் என்றார். பிறகு எனக்குப் புரியும்படி விளக்கினார்.

"கட்டடம் மாறிக்கிட்டே இருக்கும் பெரியவரே. அதுக்குப் பேருதான் கட்டுறது. மாறாத ஒண்ணு வேணும்ல, ஒப்பிட்டுப் பார்க்க? அதுதான் ஆள்."

நியாயமாகத்தான் இருந்தது. ஜன்னல் வர வேண்டிய இடத்தில் தரையிலிருந்து ஆள் உயரத்துக்குச் சுவரில் ஒரு திறப்பு விட்டோம். பச்சைக்குடையை அழைத்து வந்து அதில் நிறுத்தினோம். அவர் எதுவும் கேட்கவில்லை. நிற்கச் சொன்னால் நிற்பது அவருக்குப் புதிது இல்லை. என் மனைவி மட்டும் அன்று சாயங்காலம் சமையலறையில் பாத்திரங்களை உருட்டினாள். உருட்டிக்கொண்டே கேட்டாள்:

"என் ஜன்னல்ல எவனோ ஒருத்தன் நிக்கிறதுக்கா வீடு கட்டுறோம்?"

இரண்டாவது படம் ஒரே தடவையில் தேறியது.

மூன்றாவது படத்தில் சிக்கல் சின்னப் பேத்தி. முதல் படத்தில் அவள் தன் அம்மாவின் இடுப்பு வரைக்கும் இருந்தாள். கூரை போடுவதற்குள் நான்கு விரற்கடை வளர்ந்துவிட்டாள். "அதே தோற்றத்தில்" என்பதற்கு முரணாக வளர்ச்சி காணப்படுகிறது என்று குறிப்பு எழுதித் திருப்பி அனுப்பினார்கள். மருமகள் கையைப் பிசைந்தாள். மேஸ்திரி மண்வெட்டியை எடுத்து நான்கு விரற்கடைக்கு ஒரு குழி வெட்டி அவளை அதில் நிறுத்தினார். படம் தேறியது. நான்காவது படத்துக்குக் குழியை இன்னும் கொஞ்சம் ஆழப்படுத்தினோம். பிள்ளைக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. பள்ளிக்கூடத்தில், எங்கள் வீட்டில் என்னை நட்டு வைத்திருக்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறாள்.

நாலு படமும் தேறிய வீடு எங்கள் தெருவிலேயே இதுதான். பக்கத்து மனைக்காரர்கள் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். எங்கள் மகனின் அலைச்சலை யாரும் பார்க்கவில்லை. அவன் முடி கொட்டியதையும் தொப்பை கரைந்ததையும் படப்பிரிவு உட்பட யாரும் கவனிக்கவில்லை. சமையலறைச் சுவரில் ஆள் உயரத் திறப்பு ஒன்று இருப்பதையும் அதில் பச்சைக் குடையோடு ஒருவர் நிற்பதையும்தான் பார்த்தார்கள். ரகசியம் அங்கேதான் இருக்கிறது என்று முடிவு கட்டினார்கள். ஒரே மாதத்தில் தெரு முழுக்கத் திறப்புகள். நகரத்திலிருந்து வந்த உள்அலங்கார நிபுணர் ஒருவர் அதற்கு 'மனிதத் திறப்பு' என்று பெயர் வைத்தார். வீட்டுக்குள் பிரபஞ்சம் நுழையும் வழி அது என்றார். எங்களிடம் கேட்டிருந்தால் நாய் நுழையும் வழி என்று சொல்லியிருப்போம். குடைக் கடையில் பச்சை தீர்ந்து, நீலக் குடைக்குப் பச்சைச் சாயம் போட்டு விற்றார்கள். இந்த விதி வருவதற்கு முன்பே கட்டி முடித்துக் குடியிருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் நல்ல சுவரை இடித்துத் திறப்பு வைத்தார். அதில் நிற்க ஆள் கிடைக்காமல் தானே நின்றார்.

இப்படி எங்கள் புகழ் பரவிக்கொண்டிருந்தபோது பச்சைக்குடை காணாமல் போய்விட்டார்.

வருஷம் முடிய இன்னும் பன்னிரண்டு நாள். ஐந்தாவது படத்தை அலுவலரே நேரில் வந்து எடுப்பார், தேதியும் குறித்தாகிவிட்டது. மகன் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊரெல்லாம் அலைந்தான். மேஸ்திரிக்குத்தான் விஷயம் புரிந்திருந்தது. பூச்சு முடிந்து வெள்ளையடித்த பிறகு ஒரு வீட்டில் பார்க்க என்ன இருக்கிறது? எங்கேயோ பாலம் கட்டுகிறார்களாம், அங்கே போயிருப்பார் என்றார். போன வேகத்தில் குடையைச் சாரக் கம்பியில் மாட்டியபடியே விட்டுவிட்டுப் போயிருந்தார்.

மகன் படியில் உட்கார்ந்து தலையில் கை வைத்தான். கை வழுக்கிக்கொண்டு வந்தது. மருமகள் பாத்திரம் கட்ட ஆரம்பிப்பதா நிறுத்துவதா என்று தெரியாமல் நின்றாள். என் மனைவி மட்டும் எழுந்து போய்க் குடையை எடுத்தாள். விரித்தாள். தோள் வரைக்கும் இறக்கிப் பிடித்துக்கொண்டு திறப்பில் போய் நின்றாள்.

"முகம் தெரியுதா?"

தெரியவில்லை. நாலு படத்திலும் அந்த ஆளின் முகம் தெரிந்ததே இல்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. என்னுடைய சட்டையையும் கால்சட்டையையும் போட்டுவிட்டால் தீர்ந்தது. ஆனால் அவள் அங்கே போய் நின்றுவிட்டால் முன்வரிசையில் முந்தானை போட்ட அம்மாள் எங்கே? எல்லோரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள்.

நாற்பத்தொரு வருஷம் வளர்த்த மீசை. எடுக்கும்போது பெரிய பேத்தி கண்ணாடி பிடித்தாள். சேலையை மருமகள் கட்டிவிட்டாள். மாமனாருக்குச் சேலை கட்டிவிடும் மருமகள் படும் பாட்டை அவள் முகத்தில் பார்த்தேன். சிரிக்காமல் இருக்க உதட்டைக் கடித்துக் கடித்து உதடே வீங்கிவிட்டது.

அலுவலர் வந்தார். ஒரு கையில் முதல் படம், மறு கையில் பூதக்கண்ணாடி. மருமகளைப் பார்த்தார், தலையாட்டினார். குழியிலிருந்த சின்னவளைப் பார்த்தார், தலையாட்டினார். என் முன்னால் வந்து ரொம்ப நேரம் நின்றார். நான் முந்தானையை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"அம்மா மாறவே இல்ல," என்றார். "அதே அடக்கம். இந்தக் காலத்துல பார்க்க முடியாது."

குடைக்குள்ளிருந்து ஒரு கனைப்பு கேட்டது. அலுவலர் திறப்பின் பக்கம் பார்த்துவிட்டு, குடைக்காரர் அப்படியே இருக்கிறார் என்று மெச்சிக்கொண்டார். பிறகு என் மகனிடம் வந்தார். படத்தைப் பார்த்தார். ஆளைப் பார்த்தார். படத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார்.

"இவர் யாரு?"

"நான்தான் சார் வீட்டுக்காரன்."

"வீட்டுக்காரருக்கு முடி இருந்துச்சு."

"கொட்டிருச்சு சார்."

"தொப்பை?"

"கரைஞ்சிருச்சு சார். வீடு கட்டினேன்ல."

அலுவலர் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "ஆள்மாறாட்டம் பெரிய குற்றம் தம்பி. அந்தப் பெரியம்மா முகத்துக்காக விடுறேன். கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

நான் வாயைத் திறந்தேன். திறந்தால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்று நினைவு வந்து மூடிக்கொண்டேன். மகன் தள்ளி நின்றான். ஒன்றரை வருஷம் அலைந்து கல் கல்லாகக் கட்டிய வீட்டின் முன்னால், மணல் குவியல் ஓரமாக, கையைக் கட்டிக்கொண்டு நின்றான். கிளிக்.

மூன்றாம் நாள் சான்றிதழ் வந்தது. அதில் இப்படி இருந்தது:

"ஐந்து நிலைகளிலும் மாற்றமின்றிக் காணப்படுபவர் பச்சைக் குடை தாங்கிய நபர். உரிமையாளர் என்று கூறிக்கொண்டு வந்தவரின் அடையாளம் ஐயத்திற்குரியது. எனவே இக்கட்டடம் குடை தாங்கிய நபருடையதெனவும், ஏனையோர் அவரைச் சார்ந்தோர் எனவும், மணல் குவியலருகே நின்றவர் வேடிக்கை பார்த்தவர் எனவும் கருதப்படுகிறது."

மகன் அதை இரண்டு தடவை படித்தான். மருமகள், கரண்ட் உண்டா இல்லையா என்று மட்டும் கேட்டாள். உண்டு. தண்ணீர்? அதுவும் உண்டு. அப்படியானால் மூட்டையைக் கட்டுங்கள் என்றாள்.

வருஷக் கடைசி நாளில் சாமான் வண்டி வந்து நின்றது. மேஸ்திரியிடம் திறப்பை இடுப்பளவு அடைத்து ஜன்னல் வைத்துவிடச் சொன்னேன். என் மனைவி வேண்டாம் என்றுவிட்டாள். அந்த ஒரு நாள் நின்று பார்த்ததில் தெரு முழுக்கத் தெரிகிறதாம். இருபத்தெட்டு வருஷக் கணக்கைத் தீர்க்க இடுப்பளவு போதாதாம். குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்று, எந்தச் சாமான் எங்கே போக வேண்டும் என்று உத்தரவு போட்டுக்கொண்டிருந்தாள். குடை இல்லாமல் நின்றால் சான்றிதழ் செல்லாது என்று அவளாகவே ஒரு விதி எழுதிக்கொண்டுவிட்டாள்.

அப்போதுதான் எதிர்ச்சாரியில் பச்சைக்குடை வந்து நின்றார். குடை இல்லாமல் அவரை அடையாளம் காண எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. மகன் பதறிப்போய்த் தெருவைக் கடந்தான். சட்டப்படி வீட்டுக்காரர் வந்துவிட்டாரே. சான்றிதழை நீட்டினான். வீடு உங்கள் பேரில்தான் இருக்கிறது, உள்ளே வாருங்கள், மீதியைப் பேசிக்கொள்ளலாம் என்று மென்று விழுங்கினான்.

எங்கள் ஊரில் முதல்முறையாகப் பச்சைக்குடை பேசினார்.

"வீட்டுக்குள்ள வந்துட்டா என்னத்தப் பார்க்கறது தம்பி? நீங்களே வெச்சுக்கோங்க. குடையை மட்டும் குடுங்க."

"குடை மட்டும் கிடையாது," என்றாள் என் மனைவி, திறப்பிலிருந்து.

அவர் கேட்டார். இவள் மறுத்தாள். அவர் வீட்டை இன்னொரு தடவை எங்களுக்கே கொடுத்துப் பார்த்தார். இவள் அசையவில்லை. சத்தம் கேட்டுத் திறப்புத் திறப்பாகத் தெருவே வந்து நின்றது. தலைமையாசிரியர் தன் குடையோடு வந்தார். வேறு ஏதோ வீட்டுக்குப் படமெடுக்க வந்த அலுவலரும் சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றார். எல்லோருடைய கண்ணும் குடை மேல். நடுத்தெருவில் நானும் மகனும் இரும்பு பீரோவை ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தோம். ஒருத்தராவது வந்து கை கொடுக்க வேண்டுமே. இல்லை.

ஊரைச் சொல்லி என்ன பிரயோஜனம்? நீங்களும்தான் பள்ளம் வெட்டிய நாளிலிருந்து இது வரைக்கும் நின்று பார்த்துவிட்டீர்கள். பீரோவின் ஒரு மூலையைப் பிடிக்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றியதா?