லேபிளுக்கு ஏற்ற நாய்

கடவுளின் படைப்பில் நேர்ந்துவிட்ட அச்சுப் பிழைகளை முதன்முதலில் திருத்த முன்வந்த ஊர் எது என்று வருங்காலச் சரித்திரக்காரர்கள் கேட்டால், சிவகாசிக்குப் பக்கத்திலுள்ள விஸ்வநத்தம் என்று தயங்காமல் பதில் சொல்லுங்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றில் அங்கே ஒரு பட்டாசுக் கம்பெனியில் நான் மேனேஜர். அந்த மகத்தான திருப்பணியைக் கண்ணால் பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

முதலாளி ரத்தினசாமி பரம்பரையாகப் பருத்தி போட்ட குடும்பம், பட்டாசுக்குப் புதிது. அந்த வருஷ தீபாவளி சீசனுக்குக் கம்பி மத்தாப்புப் பெட்டியில் புது மார்க் படம் வேண்டும் என்றார். "நம்ம பேரனையும் நம்ம நாயையும் போட்டுருங்க." பேரன் அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தான். நாய் பால் வெள்ளையில் ஒரு ராஜபாளையம் குட்டி. நிறத்தைப் பார்த்து 'துரை' என்று பெயர் வைத்திருந்தார்கள். அச்சகத்து ஓவியருக்கு இருவரையும் நேரில் வந்து பார்க்க ஒழியவில்லை. ஒரு சீமை பிஸ்கட் டின்னைப் பார்த்து வரைந்து கொடுத்துவிட்டார்.

லேபிள் லோடு லோடாக வந்து இறங்கியது. பிரமாதமான படம். அந்த நாய்க்குக் காதுகள் கூம்பு மாதிரி நிமிர்ந்து நின்றன. வால் கட்டைவிரல் அளவுதான். குழந்தை சிரித்தது, சிரித்த கன்னத்தில் ஆழமாக ஒரு குழி. எங்கள் துரைக்கோ காதுகள் தொங்கும், வால் நீளம். பேரன் கன்னம் பூரி மாதிரி உப்பலாக இருக்கும்.

இதில் ஒரு சங்கடமும் இருந்திருக்காது. ஆனால் முதலாளி பம்பாய் ஏஜண்டிடம், 'படத்தில் இருப்பது எங்கள் வீட்டு நிஜக் குழந்தை, நிஜ நாய்' என்று பெருமை பேசியிருந்தார். ஏஜண்ட் டிரங்க் காலில் கூப்பிட்டு, ஆர்டர் கொடுக்க வரும்போது இரண்டையும் பார்க்க ஆசைப்படுவதாகச் சொல்லிவிட்டார்.

அவசரக் கூட்டம் கூடியது. முதலாளி, நான், எங்கோ ஒரு மாட்டாஸ்பத்திரியில் இருந்து ஓய்வு பெற்ற கம்பவுண்டர் கண்ணுச்சாமி. நாயை வளர்க்கிற வாட்ச்மேன் சுடலை, அதைப் பிடித்துக்கொள்வதற்காக அழைக்கப்பட்டிருந்தான்.

"லேபிள மாத்தி அடிச்சிரலாமே மொதலாளி?" என்றான் சுடலை.

படிக்காதவன், மன்னித்தோம்.

"லேபிளு அச்சாயிருச்சுலே," என்றார் முதலாளி. "நாயி அச்சாகலைல்லா."

இந்த வாதத்துக்கு மறுப்புச் சொல்ல எங்களில் யாருக்கும் அறிவு போதவில்லை. எனவே நாயைத் திருத்துவதென்று 'ஏகமனதாக' முடிவாயிற்று.

"வலிக்குமே," என்றான் சுடலை மறுபடியும்.

"குட்டிக்கு வலி தெரியாது. நரம்பு முத்தலை," என்றார் கம்பவுண்டர்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றான் அவன்.

"இத்தன வருசத்துல ஒரு குட்டிகூட எங்கிட்ட வந்து வலிக்குன்னு சொன்னதில்ல."

நாங்கள் காட்டுமிராண்டிகள் அல்ல. துரையின் சம்மதத்தையும் முறைப்படி கேட்டோம். லேபிளை அதன் முகத்துக்கு நேரே நீட்டினேன். மோந்து பார்த்து வாலை ஆட்டியது. 'சம்மதம்' என்று எடுத்துக்கொண்டோம். ஆட்டிய வாலையே முதலில் எடுத்தார் கம்பவுண்டர்.

துரை பட்டாசுச் சத்தத்தில் வளர்ந்த குட்டி. வெடி சோதித்துப் பார்க்கும்போதுகூட எழுந்திருக்காமல் படுத்துக்கிடக்கும். அன்று அது போட்ட சத்தத்தில், லேபிள் ஒட்டுகிற பெண்கள் கையில் பசையோடு வாசலில் வந்து கூடிவிட்டார்கள்.

"குளிருது, அதான்," என்றார் கம்பவுண்டர் அவர்களிடம். சித்திரை வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

பெரியவர்கள் பேச்சுக்குக் காது கொடுப்பது என்று சொல்வோமே, துரை அதை நிஜமாகவே செய்தது. அறுத்தது போக மிச்சமிருந்த காதுகளைத் தீப்பெட்டி அட்டை வைத்துப் பிளாஸ்திரி போட்டு நிமிர்த்திக் கட்டினார்கள். கட்டை அவிழ்த்தபோது இடது காது நின்றது, வலது சாய்ந்துவிட்டது. 'பாதி வெற்றி' என்று கம்பவுண்டருக்குத் துண்டு போர்த்தினோம்.

அறுத்த அன்று சுடலை மத்தியானக் கஞ்சியைத் தொடவில்லை. கையெல்லாம் ரத்தம் என்பதால் இருக்கும் என்று நினைத்தேன். கழுவிவிட்டு வந்த பிறகும் தொடவில்லை.

அடுத்து, குழந்தை.

கம்பவுண்டர் முதலாளி வீட்டுக்கு வந்து பேரனின் கன்னத்தைக் கிள்ளிப் பார்த்தார். "வாய்க்குள்ளாற ஒரு தையல். இளுத்து ஒரு முடிச்சு. ஆயுசுக்கும் குழி நிக்கும்."

"ஊசி?" என்று கேட்டேன்.

"தொரைக்குப் போட்ட ஊசிதான். கொதிக்க வச்சாச்சு."

முதலாளியின் மகன் சரக்கு விஷயமாகக் கல்கத்தா போயிருந்தான். மருமகள் ஞானசுந்தரிதான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். ஆனைக்குட்டத்துப் பெண், அதிகம் பேசமாட்டாள்.

"சிரிக்கத்தான செய்யான் மாமா. அது பத்தாதா?"

"சிரிக்கான்மா. குழி விளலையே."

"பச்சப்பிள்ளைக்கு வலிக்காதா?"

"காது குத்தலையா? அப்ப வலிக்கலையா? இப்ப அவனுக்கு அது ஞாபகமா இருக்கு?"

"எனக்கு இருக்கு," என்றாள் ஞானசுந்தரி. "அதுவும் இவனைக் கேட்டுச் செய்யலை. அதுக்காக இதையும் செய்யணுமா?"

"அழகுக்குத்தானம்மா. நாளைக்கி அவனே சந்தோசப்படுவான்."

அவள் மேலே பேசாமல் உள்ளே போனாள். சம்மதித்துவிட்டாள் என்று நாங்கள் மகிழ்ந்தோம். கம்பவுண்டர் ஊசியில் நூல் கோத்தார். அவள் பிள்ளையை உள்ளே விட்டுவிட்டு, ஒரு மத்தாப்புப் பெட்டியோடு திரும்பி வந்தாள். பெட்டியைப் பின்பக்கம் திருப்பி மாமனார் முன்னால் வைத்தாள்.

பின்பக்கத்தில் முதலாளியின் படம். ஓவியர் மரியாதையின் காரணமாகக் கொஞ்சம் தாராளமாக வரைந்திருந்தார்: மூக்கு அளவுகோல் வைத்தாற்போல் நேராக இருந்தது. முதலாளியின் நிஜ மூக்கு, எப்போதோ காளை முட்டியதிலிருந்து, இடது தோளையே பார்த்துக்கொண்டிருக்கும்.

"ஏஜண்டு வந்ததும் மொதல்ல உங்களைத்தான மாமா பார்ப்பாக? மூக்கு ஒத்துப்போகலையே. கம்பவுண்டரும் இங்கனதான் இருக்காக. உங்களுக்கு முடியட்டும், அப்புறம் பிள்ளைக்குப் பார்க்கலாம்."

கம்பவுண்டர், தொழில் பக்தி மிக்கவராதலால், முதலாளியின் மூக்கைப் பக்கவாட்டில் குனிந்து ஆராய்ந்தார்.

"தட்டி நிமித்திரலாம் மொதலாளி. சின்னச் சுத்தியல்தான்."

முதலாளியின் கை தானாக மூக்கைப் பொத்தியது. "வலிக்குமாய்யா?"

"உங்களுக்கு நரம்பெல்லாம் முத்திப்போச்சுல்லா. நல்லாவே வலிக்கும்."

முதலாளி என் பக்கம் திரும்பினார். "மேனேஜரே, லேபிள மாத்தி அடிக்க எம்புட்டு நாளாகும்?"

"ஒரு வாரம் போதுங்க."

"அடிக்கச் சொல்லுங்க. இருக்கிறத இருக்கிறபடி வரையட்டும்."

ஓவியர் இந்த முறை நேரிலேயே வந்தார். கோணல் மூக்கு, குழியில்லாத கன்னம், ஒரு காது நின்று ஒரு காது சாய்ந்த கட்டைவால் நாய், எல்லாவற்றையும் உள்ளபடியே வரைந்தார். உண்மையே பேசும் லேபிள் என்று கம்பெனியே பெருமைப்பட்டது.

ஏஜண்ட் வந்தார். குழந்தையைத் தூக்கிக் கொஞ்சினார், அது சிரித்தது. ஆர்டரும் கொடுத்தார். கிளம்பும்போது, சுடலையின் காலடியில் படுத்திருந்த துரையைப் பார்த்து நின்றுவிட்டார்.

"நாய்க்கி என்னா ஆச்சி?" என்று அரைகுறைத் தமிழில் கேட்டார்.

"பிறவிக் குறைங்க," என்றார் முதலாளி.

"ஆமாங்கய்யா," என்றான் சுடலை, அதன் தலையைத் தடவிக்கொண்டே. "நாயாப் பொறந்த குறைதான்."