அமில சமனநிலையின் முதல் பயனாளி

மனித குலத்தை ஆதிகாலம் முதல் வாட்டிவந்த நெஞ்செரிச்சலுக்கு நிரந்தர முடிவு கட்டப்பட்ட இடம் திருவனந்தபுரத்தில், சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால், எங்கள் குடியிருப்போர் சங்கக் கட்டடத்தின் மாடி. அந்த முடிவின் முதல் பயனாளி என் கணவர் தாணுமாலயன். கடைசி ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் புட்டோடு பயறும் பப்படமும் சேர்த்துப் பிசைந்து, "உப்பு கொஞ்சம் தூக்கல்" என்று சொல்லிவிட்டு, இன்னொரு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பிறகு சலவை வேட்டி கட்டிக்கொண்டு, தாம் பூரண குணமடைந்ததை ஊருக்கு அறிவிக்கப் புறப்பட்டார்.

அவர் தலைமைச் செயலகத்தில் முப்பத்திமூன்று வருடம் கோப்பு பார்த்தவர். ஓய்வுக்குப் பின் சங்கத் தலைவர் பதவியும் நெஞ்செரிச்சலும் ஒரே வருடத்தில் வந்து சேர்ந்தன. மருந்துக்கடை மாத்திரையில் எரிச்சல் அடங்கத்தான் செய்தது. ஆனால் அதில் கூட்டம் இல்லை, தீர்மானம் இல்லை, நன்றியுரை இல்லை. வெறும் தண்ணீரோடு முடிந்துபோகும் சிகிச்சையை அவரால் மதிக்க முடியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் "டாக்டர்" ஜிஜி வந்தார். முன்பு தம்பானூரில் லாட்ஜ் மேனேஜர். பதினொரு நாள் முகாமில் அக்குபங்சரும், மீதி நாட்களில் மூலிகையும் கற்றவர். சங்கத்து மாடியில் "ஒருங்கிணைந்த ஊசி–மூலிகை அமில சமனநிலை மையம்" தொடங்கினார். ரிப்பன் வெட்டிய தலைவர் அதோடு நிற்காமல் மேடையிலேயே முதல் ஊசியையும் ஏற்றுக்கொண்டார். இடது மணிக்கட்டுக்கு மூன்று விரல் மேலே, முடியை விட மெல்லிய ஊசி ஒன்று இறங்கியது. உறுப்பினர்கள் அறுபத்திரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் நெஞ்சில் கைவைத்து, கண்ணை மூடி, மைக்கில் ஓர் ஏப்பம் விட்டார். மண்டபம் அதிரக் கைதட்டினோம். செயலாளர் கேசவ் எழுதிய கூட்டக் குறிப்பில், "மாண்புமிகு தலைவர் பகல் 11.20 மணிக்கு வெற்றிகரமாக ஏப்பம் விட்டார்" என்று இருக்கிறது. அதை வழிமொழிந்தவர் பெயரும் இருக்கிறது.

வாரம் மூன்று நாள் ஊசி. இரண்டு வேளை கஷாயம். அதிமதுரம், சீரகம், நெல்லிமுள்ளி, அவற்றோடு வெளியே சொல்லக் கூடாத இன்னும் ஏழு சரக்கு. டீ கூடாது, சாயங்கால வடை கூடாது, சாப்பிட்டதும் படுக்கக் கூடாது. இரண்டே மாதத்தில் எரிச்சல் ஓடிப்போயிற்று.

"டீயும் வடையும் நிறுத்துனதாலே இருக்குமோ?" என்று கேட்டேன்.

"பொன்னம்மை, நீ சயன்ஸ் படிக்கல்ல. சும்மா இரி," என்றார். அவர் படித்தது பி.காம்.

பத்தாவது மாதம் சிகிச்சை அடுத்த கட்டத்தை அடைந்தது. ரயில் நிலையத்து மேம்பாலப் படி ஏறும்போது அவர் நெஞ்சை யாரோ முழங்காலால் அமுக்குவது போலிருந்தது. இடது கை கனத்தது. வேர்த்துக் கொட்டியது. நின்றால் விட்டுவிடும், நடந்தால் வரும். ஜிஜி நாடி பிடித்து, வெகுநேரம் கூரையைப் பார்த்தார்.

"ஒண்ணும் பேடிக்கண்டா, பயமே வேண்டாம் சாரே. பழைய ஆசிட் வெளியே போகுது. ஊசி குத்தி வழி தொறந்தது இந்தக் கையிலயல்லே? பின்னே அது வழிதானே இறங்கும்?"

"அப்போ வேர்வை?" என்றேன் நான்.

"அது ஆசிட்டோட ஆவியாக்கும், சேச்சி."

என் கணவர் பெருமையோடு என்னைப் பார்த்தார். செயலகத்தில் எந்தக் கோப்பும் இத்தனை ஒழுங்காக உரிய வழியில் நகர்ந்ததில்லை.

பெங்களூரிலிருந்து எங்கள் மகள் திவ்யலட்சுமி போனில் கத்தினாள். "அப்பா, ஒரே ஒரு ஈசிஜி. சங்கத்துக்கு எதுத்தாப்ல லேப் இருக்குல்லா? அஞ்சு நிமிஷம் ஆகுமா? போய் எடுங்கப்பா!"

"எதுத்தாப்ல இருக்கதுதான் மக்களே கஷ்டம்," என்றார் அவர். "முன்னால முழுக்கக் கண்ணாடி. சங்கத் தலைவர் கையில டோக்கனோட அதுக்குள்ள உக்காந்திருந்தா, அப்புறம் இந்த மாடியில ஒருத்தன் ஏறுவானா? ஞாயித்துக்கிழமை ஆண்டு விழா. குணமாயிட்டேன்னு நாந்தான் பேசணும். பேசுகதுக்கு முன்னாலயே போய்ச் செக் பண்ணிப் பாத்தா அது மரியாதையா?"

நான் அழுதேனா, சண்டை பிடித்தேனா, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேனா என்று நீங்கள் கேட்கலாம். அவற்றையெல்லாம் விட புத்திசாலித்தனமான காரியம் ஒன்றைச் செய்தேன். அவருடைய கௌரவத்துக்குப் பங்கம் வராத ஒரு திட்டம் சொன்னேன்.

"கேக்கேளா, சுசீந்திரம் கோயிலுக்குப் போறோம்னு எல்லார்ட்டயும் சொல்லுவோம். அப்படியே நாகர்கோவில்ல எடுத்திருவோம்."

"நல்ல கதை. அங்க உன் சொந்தக்காரங்க இல்லாத தெரு உண்டா?"

"அப்போ திருநெல்வேலி. அங்க நம்மள ஆருக்குத் தெரியும்?"

அவர் முகம் மலர்ந்தது. "இது புத்தி!" என்றார். முப்பத்தெட்டு வருட தாம்பத்தியத்தில் அவர் என்னை அப்படிப் பாராட்டியது அபூர்வம். சாலையைக் கடந்து எடுக்க வேண்டியதை நூற்றைம்பது கிலோமீட்டர் தள்ளிப் போய் எடுப்பதென்று ஒருமனதாக முடிவாயிற்று. திங்கட்கிழமை ரயிலுக்கு டிக்கெட்டும் எடுத்தோம்.

ஞாயிற்றுக்கிழமை விழாவில் அவர் எழுந்து மைக்கைப் பிடித்தார். "அன்பார்ந்த உறுப்பினர்களே, இன்று நான் பூரண..." என்றார். நிறுத்தினார். நெஞ்சில் கைவைத்தார். கண்ணை மூடினார்.

சபைக்கு உடனே புரிந்துவிட்டது. போன வருடத்துச் சாதனையை மறுபடி செய்து காட்டப் போகிறார்! கேசவ் ஓடிவந்து மைக்கை அவர் வாய்க்கு இன்னும் நெருக்கமாக வைத்தார். எல்லோரும் ஏப்பத்துக்காகக் காத்திருந்தோம். அது வருவதாக இல்லை. உற்சாகப்படுத்துவதற்காகப் பின்வரிசையில் யாரோ கைதட்ட, மண்டபம் முழுக்கத் தட்டியது. முன்வரிசையில் இருந்த நானும் இரண்டு தட்டு தட்டினேன்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து, அப்படியே சரிந்தார். ஜிஜி மேடையில் தாவி ஏறி, அதே இடத்தில் ஊசியை இறக்கினார். "வழி தொறந்திருக்கு, வழி தொறந்திருக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோதும் ஊசி கையில்தான் இருந்தது. அங்கே டூட்டியில் இருந்த சின்ன டாக்டர் முதல் வேலையாக அதை உருவி, என்னிடம் நீட்டினார். அதற்குப் பிறகு அவருக்குச் செய்ய அதிகம் வேலை இருக்கவில்லை.

நாற்பத்தியோராம் நாள் கழிந்து, புதிய தலைவரான கேசவ் ஒரு படிவத்தோடு வீட்டுக்கு வந்தார்.

"சேச்சி தப்பா நினைக்கப்படாது. மையத்தோட வருஷாந்திர ரிப்போர்ட். முதல் பயனாளி இல்லாம அது முழுமையாகாது பாருங்க."

நான் கண்ணாடி போட்டுக்கொண்டு நிரப்பினேன். நெஞ்செரிச்சல் தற்போது உண்டா? இல்லை. புளித்த ஏப்பம்? இல்லை. உணவுக்குப் பின் அசௌகரியம்? இல்லை. அடியில், "சிகிச்சைக்கு முழு ஒத்துழைப்பு அளித்தோர்" என்று ஒரு கட்டம். அதில் முதலில் என் பெயரை எழுதினேன். அடுத்து கேசவ் பெயர். இடம் போதாமல் தாளைத் திருப்பி, அன்று கைதட்டியவர்களை வீட்டு எண் வரிசையில் எழுதத் தொடங்கினேன்.

"எதுக்கு சேச்சி இத்தனை பேரு?" என்றார் கேசவ்.

"ஒத்துழைச்சவங்களைத்தானே கேட்டிருக்கு?" என்றேன்.

படிவத்தைக் கொடுத்துவர நானே சங்கத்துக்கு நடந்தேன். எதிரே லேப் திறந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமையும் உண்டு என்று அதன் பலகையில் எழுதியிருக்கிறது. அன்றும் எழுதியிருந்தது.