தலைக்கு மேலே ஒரு குவிமாடம்

உலகில் நாகரிகம் எத்தனையோ இடங்களில் தோன்றியிருக்கலாம். முழுமை அடைந்தது எங்கள் நகர மண்டபத்தில்தான். மன்றக் கூட்டங்களுக்குக் குறிப்பெழுதும் எழுத்தர் என்ற முறையில் இதை அடக்கத்துடன் சொல்கிறேன்.

தூண்கள் பருத்தவை. படிகளோ, மனு கொண்டுவருபவர் பாதியிலேயே மனம் மாறித் திரும்பிவிடும் அளவுக்கு உயரமானவை. ஆனாலும் பெருமையெல்லாம் கூட்ட அறையின் மேல் கவிழ்ந்திருக்கும் குவிமாடத்துக்கே. கீழே ஒருவர் "சரி" என்றால், மேலிருந்து "சரி, சரி, சரி" என்று வரும். இந்த எதிரொலியை வாக்குகளாக எண்ணும் "மரபை" முன்னோர் ஏற்படுத்தினார்கள். அதனால் உறுப்பினர்கள் நிம்மதியாகத் தூங்கலாம். மேயர் ஒருவர் விழித்திருந்தால் மக்களாட்சி நடந்துவிடும்.

சென்ற மாதம், மண்டப வாசலிலுள்ள பொதுக் குழாயைப் பிடுங்கிவிட்டுப் பளிங்கு நீரூற்று வைக்கும் தீர்மானம் வந்தது. வேலை மேயரின் மச்சானுக்கு. அவர் கலாரசிகர்.

"அழகைக் கெடுக்குது. அந்தக் குழாய் ஒழிஞ்சா சரி!" என்றார் மேயர்.

"சரி, சரி, சரி" என்றது குவிமாடம்.

பார்வையாளர் வரிசையில் சலவைக்காரம்மா எழுந்தார். அந்தக் குழாயடியில் துவைத்துத்தான் பிள்ளைகளைப் படிக்கவைக்கிறார். தெருக்கோடியில் நிற்பவரை இருந்த இடத்திலிருந்தே கூப்பிட்டுப் பழகிய தொண்டை.

"கூடாது!"

குவிமாடம் ஆடிப்போய்விட்டது. "கூடாது, கூடாது, கூடாது, கூடாது..." முன்வரிசை உறுப்பினர் பதறி எழுந்து, "சாப்பாடு வந்துடுச்சா?" என்றார். நான் விரல்விட்டு எண்ணினேன், விரல்கள் போதவில்லை.

"என்னய்யா எழுதுறே?" என்றார் மேயர்.

"மரபுப்படி தீர்மானம் தோத்துப்போச்சுங்க ஐயா."

"அந்தம்மா உறுப்பினரே இல்லையேய்யா!"

"குவிமாடமும் உறுப்பினர் இல்லீங்களே ஐயா."

"குழாய் இருக்குமா, இருக்காதா? அதை மட்டும் சொல்லுங்க. அங்க துணி ஊறுது" என்றார் சலவைக்காரம்மா.

கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. "பாரம்பரியப் பாதுகாப்பு" என்ற பெயரில் குவிமாடம் முழுவதும் பஞ்சுமெத்தை ஒட்டினார்கள். மேயருக்கு இன்னொரு மச்சானும் இருந்தார். இனிமேல் மேயர் தலையசைத்தால் போதும் என்பது புது "மரபு".

அடுத்த கூட்டத்தில் சலவைக்காரம்மா தொண்டை கிழியக் கத்தினார். பக்கத்திலிருந்த எனக்கே சரியாகக் கேட்கவில்லை. மேயர் தலையசைத்தார், தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. மறுநாளே குழாயைப் பிடுங்கிவிட்டார்கள்.

இப்போது நீரூற்றையும் மெத்தையையும் பார்க்க வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். அவர்களுக்கு நான் நெகிழ்ந்துபோய் வரலாறு சொல்கிறேன்: கட்டிய நாள் முதல் இந்த மண்டபத்தில் ஜனங்கள் சொன்னதைக் காதில் வாங்கிப் பதில் சொன்னது இந்தக் குவிமாடம் ஒன்றுதான். அதன் வாயையும் அடைத்துவிட்டோம்.