பெண் பார்க்க வந்தவர்களை நாய் பார்த்த கதை

அரசு ஊழியர் ஒருவரை வீட்டில் தங்க வைத்தால், அவர் எந்நேரமும் ட்யூட்டியில்தான் இருக்கிறார் என்பதை வீட்டார் மறக்கக் கூடாது. நான் மறக்கவில்லை. அதுதான் பிரச்சினையே.

ஊழியரின் பெயர் வீரா. வெடிமருந்தை மோப்பம் பிடிக்கும் லாப்ரடார். அவனைப் பழக்கி வேலை வாங்கும் போலீஸ்காரி நான். விழுப்புரத்தில் நாய்க் கூண்டுகளுக்குக் கூரை மாற்றும் வேலை நடந்ததால், அவரவர் நாயை அவரவர் வீட்டில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். வீராவைத் திண்டிவனத்தில் எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். அந்த வாரமே அனந்தபுரத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள்.

மாப்பிள்ளை 'கம்பெனி சூப்பர்வைசர்' என்று எங்களிடமும், நான் 'அதிர்ந்து பேசாத பொண்ணு' என்று அவர்களிடமும் தரகர் சொல்லியிருந்தார். (இரண்டுமே அவருடைய சொந்தத் தயாரிப்பு.)

வீராவைத் தோட்டத்துப் பக்கம் கட்டியிருந்தோம். மாப்பிள்ளையின் அம்மா எட்டிப் பார்த்தார். "பாவம், மழையில நனைஞ்சிக்கினு நிக்குது. உள்ள வுடுங்க. நாயின்னா எனக்கு உசுரு."

வீரா உள்ளே வந்தான். கேசரியைச் சட்டை செய்யவில்லை. அவர்கள் கொண்டுவந்த பழப் பையை முகர்ந்தான். அதன் முன்னால் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்தான்.

மற்ற நாய் உட்கார்ந்தால் கால் வலி என்று அர்த்தம். வீரா உட்கார்ந்தால் வெடிமருந்து என்று அர்த்தம்.

காபித் தட்டைக் கீழே வைத்தேன். "எல்லாரும் வெளிய போங்க! பையத் தொடாதீங்க! செல்லை எடுக்காதீங்க! ஜல்தி!" பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, அத்தனை பேரையும் தெருக்கோடி வரை விரட்டினேன். தரகர் எங்களுக்கு முன்பே அங்கே இருந்தார். அங்கிருந்தே எங்கள் பிரிவுக்குத் தகவல் சொன்னேன்.

"அதிர்ந்து பேசாதுன்னாரே..." என்றார் மாப்பிள்ளையின் அப்பா, பொதுவாக.

கண்டுபிடித்த நாயை உடனே பாராட்ட வேண்டும். இல்லாவிட்டால் அதற்கு வேலையில் பிடிப்பு போய்விடும். ஆகவே மாப்பிள்ளை வீட்டார் நனைந்துகொண்டு நிற்க, நான் நடுத்தெருவில் பந்தை உருட்டிவிட்டு, "சபாஷ்டா என் ராஜா!" என்று கொஞ்சிக்கொண்டிருந்தேன்.

விழுப்புரத்திலிருந்து ஆட்கள் வந்து பையைப் பிரித்தார்கள். வாழைப்பழம், ஆப்பிள், மல்லிகைப்பூ. இன்ஸ்பெக்டர் மாப்பிள்ளையைக் கூப்பிட்டார்.

"தம்பிக்கு என்னா வேலை?"

மாப்பிள்ளை தரகரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "கல் குவாரியில வெடி வெக்கிறேன் சார். லைசென்ஸ் இருக்கு. இது வேலைக்கு எடுத்துக்கினு போற பை. அவசரத்துல வேற பை கெடைக்கல."

என் அம்மா மாற்றி மாற்றி என்னையும் நாயையும் முறைத்தாள். இந்த ஜென்மத்தில் எனக்குக் கல்யாணம் இல்லை என்று முடிவு செய்துகொண்டு, மாப்பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன்.

"வுடுங்க," என்றார் அவர், தலையைத் துவட்டியபடி. "இன்னிக்கு உண்மையச் சொன்னது அது ஒண்ணுதான்."

அவரைத்தான் கட்டிக்கொண்டேன். வீட்டுக்கு யார் வந்தாலும் மாமியார் காபி கொடுப்பதற்கு முன்னால் இதைத்தான் கொடுக்கிறார்: "எல்லாரும் பொண்ணு பாக்கப் போவாங்க. நாங்களும்தான் போனோம். பொண்ணு எங்கள தெருவுல நிக்க வெச்சிப் பாத்துச்சு!"