சஹன் சோறும் குடல் கரண்டும்

"ஊசி எண்ட கதையே இந்த வீட்டில வேண்டாம்!" முத்தலிப் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினார்.

கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். அடுத்த மாதமும் சுகர் இறங்காவிட்டால் இன்சுலின் ஊசிதான். இடப்பெயர்வுக்குப் பிறகு முல்லைத்தீவுக்குத் திரும்பிவந்து வெறுந்தரையில் கடை போட்ட மனிதர், ஓர் ஊசிக்கா அடங்குவார்? ஊசியைக் கண்டால் அவருக்கு உயிர் போய்விடும் என்பது வேறு விஷயம்.

மகள் ஷமீலா யாழ்ப்பாணத்தில் குடலின் உயிர்க்கலங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள். வாப்பாவின் காலில் ஆறாத புண்ணைப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது. விளங்கப்படுத்தினால் கேட்பார் என்று நம்பினாள்.

"வாப்பா, குடலில சில கலங்கள் இருக்கு. சீனி வந்தா அதோட சோடியமும் உள்ளுக்குப் போகும். கலத்தில கரண்ட் எழும்பும். உடனே கல்சியம் வாற வாசல் திறக்கும், ஹோமோன் வெளியாகும். அதுதான் இன்சுலினைச் சுரக்கச் சொல்லும்."

"அப்ப சீனி போகாட்டிக் கரண்டே இல்ல! ஜொஹறா, வட்டிலப்பம் வை!"

"ஐயோ, சீனிக்கு மட்டுமில்ல வாப்பா. புரதத்துக்கும் ஹோமோன் வரும்."

"இறைச்சியும் வை!"

"கொழுப்புக்கும்..." ஷமீலா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"நெய்ச்சோறு!"

ஜொஹறா மகளை முறைத்தாள். "இன்னொரு வாசலைத் திறந்தியெண்டா ரெண்டு பேருக்கும் கஞ்சிதான்."

சொன்னதோடு நில்லாமல் குசினியையும் பூட்டினாள். முத்தலிப் விடுவாரா? பகல் சாப்பாட்டைக் கடைக்கே வரவழைத்தார். நெய்ச்சோறு, இறைச்சி, வட்டிலப்பம், ஒன்றும் குறைவில்லை. அவர் கடையில் முதலாளிக்கும் வேலையாட்களுக்கும் ஒரே சஹன். பெரிய தட்டைச் சுற்றி எல்லாரும் ஒன்றாக இருந்துதான் சாப்பிடுவார்கள்.

சஹன் வந்ததும் முத்தலிப் குடல் கரண்டை விளக்கத் தொடங்குவார். சோடியத்துக்கு ஒரு கை, கல்சியத்துக்கு மற்றக் கை. சுகருக்கு அதே கிளினிக்கில் மருந்தெடுக்கும் விற்பனையாளர் றிப்னாஸ், முதலாளியை அண்ணன் முறை வைத்து "ஓம் காக்கா, ஓம் காக்கா" என்று தலையாட்டுவார்.

மாதம் முடிந்தது. டொக்டர் முடிவை இரண்டு தரம் பார்த்தார்.

"சுகர் நல்லா இறங்கியிருக்கு. நிறையும் குறைஞ்சிருக்கு. இப்பிடியே தொடருங்கோ."

முத்தலிப் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தார். "பாத்தியா மகள்? கரண்டுக்கு முன்னால ஊசி நிக்குமோ? இதையும் உன்ர ஆராய்ச்சியில எழுது!"

சந்தோஷப்படுவதா, படிப்பை விடுவதா என்று தெரியாமல் ஷமீலா அங்கிருந்த மர வாங்கில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்போது பக்கத்து அறையிலிருந்து றிப்னாஸ் வியர்த்து வழிந்தபடி வந்தார்.

"காக்கா, நீங்க ரெண்டு கையாலயும் கரண்ட் காட்டி முடிக்கிறதுக்குள்ள சஹனைக் காலியாக்கினது நான்தானே, ஊசியை எனக்கெல்லோ எழுதிப்போட்டாங்க!"